ரிப்போர்ட் நார்மல், பேச்சுதான் புரியமாட்டேங்குது

வாசகர் கேள்வி – பதில்

காது பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ஒரே குறையைச் சொல்கின்றன: சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. கேட்பியல் நிபுணர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு 38 வயசுங்க. 16 வருசமா விசைத்தறி ஓட்டறேன். கண்ணால வூட்டுக்குப் போனா, பக்கத்துல உக்காந்து பேசற ஒறம்பரை சொல்றது பாதி புரியறதில்லை. காது டெஸ்ட் எடுத்தா 'நார்மல்'னு எழுதிக் குடுத்துட்டாங்க. வூட்டுல 'நீ கவனிக்கறதே இல்ல'ங்கறாங்க. குறை காதுலயா, புத்தியிலயா?
— விசைத்தறித் தொழிலாளி, சோமனூர்

புத்தியில் குறை இல்லை. கவனக்குறைவும் இல்லை. உங்களுக்கு எடுத்த சோதனை, நீங்கள் படும் தொல்லையை அளக்கிற சோதனை இல்லை.

ஆடியோகிராம் எடுத்ததை நினைத்துப் பாருங்கள். சத்தம் புகாத அறை. ஒரு நேரத்துக்கு ஒரு காது. 'பீப்' என்று ஒரே சுருதியில் ஓர் ஒலி. அது கேட்கிற மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) நான்கிலும் வந்த அளவின் சராசரி 20 டெசிபலுக்குள் (சத்தத்தின் அளவு) இருந்தால் 'நார்மல்'. இந்தச் சராசரிக்குள்தான் குறை ஒளிந்துகொள்கிறது. முதல் மூன்றும் 10, 10, 15 என்று நன்றாக இருந்து, 4000-இல் மட்டும் 40 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி நான்கால் வகுத்தால் 18.75. ரிப்போர்ட்டில் 'நார்மல்'. தறிச் சத்தம் முதலில் தின்பதோ 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்த இடத்தைத்தான். ஆகவே ஒற்றை வரி முடிவை நம்பாமல் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 4000-க்கு அருகே கோடு குழியாக இறங்கி, 8000-இல் மறுபடி மேலேறினால் அது பெரும்பாலும் இரைச்சல் செய்த வேலை.

அந்தக் குழியில் பேச்சின் எந்தப் பகுதி விழுகிறது? உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அதனால்தான் ஆள் பேசுவது 'கேட்கிறது'. ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கமோ மேல்சுருதியில் இருக்கிறது. 'கத்து', 'கட்டு', 'கப்பு' என்று சொல்லிப் பாருங்கள். வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் ஒலியே இல்லை. ஒரு குட்டி மௌனம்தான். எந்த எழுத்து என்று காட்டிக்கொடுப்பது, அந்த மௌனத்தின் இரு ஓரத்திலும் மின்னி மறையும் சுருதி மாற்றம். மண்டபத்து இரைச்சல் அந்த மௌனத்தையும் நிரப்பிவிடும், ஓரத்தையும் மூடிவிடும். உயிரெழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஈ, ஊ இரண்டுக்கும் கீழ்ச்சுருதிப் பலம் 300 ஹெர்ட்ஸை ஒட்டி ஏறக்குறைய ஒன்றுதான். ஈ-யைத் தனித்துக் காட்டுவது 2000-க்கு மேலே உள்ள இரண்டாவது பலம். அது மங்கினால் 'நீறு' என்பது 'நூறு' என்று காதில் விழும்.

சரி, வரைபடத்திலும் குழி இல்லை, ஆனாலும் கூட்டத்தில் புரியவில்லை என்றால்? அதற்கும் காரணம் உண்டு. உள்காதில் ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் உள்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 3,500. அவற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் சுமார் 30,000. 2009-இல் அமெரிக்காவில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். சில நாளில் அவற்றின் கேட்கும் அளவு பழையபடி ஆகிவிட்டது. ஆனால் மேல்சுருதிப் பகுதியில் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவில் உள்ள இணைப்புகளில் ஏறக்குறைய பாதி போயே போய்விட்டது, திரும்ப வரவில்லை. பாவு நூல் கணக்கில் சொன்னால் உங்களுக்கு எளிதாகப் புரியும். பாவில் அங்கங்கே இழை அறுந்தாலும் துணி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் துணி. கரையில் பூப்போட்ட இடத்தைப் பார்த்தால்தான் விட்டுப்போன இழை தெரியும். அமைதியான அறையில் 'பீப்' கேட்க மீதி இழைகளே போதும். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கத்தான் எல்லா இழையும் வேண்டும். உயிரோடு இருப்பவரின் காதில் இந்த இணைப்புகளை எண்ணிப் பார்க்கும் சோதனை இன்னும் வரவில்லை. இறந்தவர்களின் உள்காதை ஆராய்ந்தபோது, வயது ஏற ஏற மயிர்ச் செல்களைக் காட்டிலும் நரம்பு இழைகளே கூடுதலாகக் குறைந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

நம் மொழிக்கே உரிய ஒரு சங்கடமும் இதில் சேர்கிறது. வினை கடைசியில் வரும். யார், எப்போது, உண்டா இல்லையா எல்லாம் அந்த வினையின் வாலில் இருக்கும். 'வர்லாமுங்க', 'வர்லீங்க', 'வர்லீங்களா' மூன்றும் மூன்று பொருள். நாமோ வாக்கியம் முடிய முடியக் குரலைத் தாழ்த்துகிறோம். மூக்கொலியான 'ங்' கீழ்ச்சுருதியில் இருப்பதால் மரியாதை மட்டும் தெளிவாகக் கேட்கும். அதற்கு முன்னால் உள்ள சேதி நழுவிவிடும்.

மறுபடி சோதனைக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். முந்தின 16 மணி நேரம் தறி ஓடும் இடத்துக்குப் போகாதீர்கள். போனால் தற்காலிக மந்தம் கணக்கில் சேர்ந்துவிடும். வழக்கமான அளவுகளோடு 3000, 6000 ஹெர்ட்ஸையும் எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சலுக்கு நடுவே வாக்கியமோ எண்ணோ சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் சோதனை அங்கே உண்டா என்று கேளுங்கள். உங்கள் தொல்லைக்கு நேராக நிற்பது அதுதான். காது தானே திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓஏஇ என்கிற சோதனை, உள்காதில் ஒலியைப் பெருக்கித் தரும் வெளிமயிர்ச் செல்கள் களைத்திருந்தால் ஆடியோகிராமுக்கு முன்பே சொல்லிவிடக்கூடும். தாளைப் பத்திரப்படுத்தி, வருடம் ஒருமுறை ஒப்பிடுங்கள். 2000, 3000, 4000 மூன்றின் சராசரி பழையதைவிட 10 டெசிபல் கூடியிருந்தால், 'நார்மல்' என்று எழுதியிருந்தாலும் அது சேதம்தான்.

மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு எதிர்மூலையில், சுவரை முதுகுக்கு வைத்து உட்காருங்கள். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும். ப-வா த-வா, ம-வா ந-வா என்பதைத்தான் இரைச்சல் முதலில் மறைக்கும். அதே வித்தியாசத்தை உதடு பளிச்சென்று காட்டிவிடும்.

தறிக்குப் போகும்போது காதுல பஞ்சு வெச்சுக்கறோம். அது போதுமுங்களா?
— பள்ளிபாளையம் வாசகர்

போதாது. சும்மா திணிக்கும் பஞ்சு சில டெசிபலுக்கு மேல் தடுக்காது. அதிலும் மேல்சுருதியைக் கொஞ்சம் குறைத்து, காப்பாகிவிட்டது என்ற நினைப்பை மட்டும் கொடுக்கும். மெத்தென்ற ஃபோம் காதடைப்பான் வாங்குங்கள். சுத்தமான கையால் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே நுழைத்து, விரலால் 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். விட்டவுடன் அதுவே விரிந்து அடைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாக உட்காரவில்லை.

உறையில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 7-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள்: 13. தறிப்பட்டறையில் 98 டெசிபல் என்றால் காதுக்கு 85 போகும். 8 மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்லும் எல்லை அதுவே. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்கவேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை விட்டுவைத்திருக்கின்றன. அது காதுக்குப் போதாத எல்லை என்பதே எங்கள் கருத்து.

இன்னொன்று: பேச்சுக்காக அடிக்கடி கழற்றுவது. 8 மணி நேரத்தில் அரை மணி கழற்றி வைத்தாலும், எவ்வளவு உயர்ந்த காதடைப்பானாக இருந்தாலும் பலன் 12 டெசிபலுக்கு மேல் வராது. வெளியே வந்து பேசுங்கள்.

எனக்கு 27 வயது. ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுக்க போன், வீடியோ மீட்டிங். சாயங்காலம் தலை கனத்துப்போகிறது. காலையில் பேசியது ஞாபகம் வருவதில்லை. காது சோதனையில் 15, 20 டெசிபல், நார்மல்தான் என்றார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கும் இந்தக் களைப்புக்கும் தொடர்பு இருக்குமா?
— திருப்பூர் வாசகி

இருக்கலாம். 2018-இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் யூன் லீ முதலானோர் 18 முதல் 41 வயதுள்ள 35 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, எளிய வாக்கியங்களையும் சிக்கலான வாக்கியங்களையும் கேட்கவிட்டார்கள். எல்லோரும் 'நார்மல்' காதுக்காரர்கள். அந்த நார்மலுக்குள்ளேயே கேட்கும் திறன் சற்றுக் குறைந்தவர்களுக்கு, வாக்கியம் சிக்கலானபோது மூளையின் வலது முன்பகுதி கூடுதலாக வேலை செய்தது. பேச்சைப் புரிந்துகொள்வது பெரும்பாலும் இடப்பக்க வேலை. வலது பக்கம் கைகொடுக்க வருவதை வயதானவர்களிடம்தான் அதுவரை எதிர்பார்த்தார்கள். இதனால் மூளை கெட்டுப்போகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. புரிந்துகொள்வதற்கான செலவு கூடுகிறது என்பதுதான் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் சேதி.

அந்தச் செலவு எங்கிருந்து போகிறது என்பதுதான் உங்கள் மறதிக்கு விளக்கம். 1968-லேயே பேட்ரிக் ராபிட் இதைக் காட்டினார். இரைச்சலுக்கு நடுவே கேட்ட எண்களைச் சரியாகச் சொல்லிவிடுபவர்களும், சற்று நேரம் கழித்து அவற்றை நினைவுகூரத் தடுமாறினார்கள். கேட்டுப் பிடிக்கவே மூளை உழைத்துவிட்டால் அடுக்கி வைக்கக் கை மீதி இருப்பதில்லை. தமிழ் வாக்கியத்தில் வினை வரும்வரை எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கவேண்டியிருப்பதால் இந்த நெருக்கடி இன்னும் கூடும் என்று நினைக்கிறோம்.

இனி செய்யவேண்டியது. பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். ஸ போன்ற ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. எனவே முக்கியமான பேச்சை இணைய அழைப்பிலோ, 4ஜி-யின் ஹெச்டி குரல் அழைப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைப்பதைவிட இரண்டு காதுக்கும் ஹெட்செட் நல்லது. ஒலியைக் கூட்டத் தேவையில்லாதபடி காதை மூடும் வகையாக வாங்குங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆர்டர் எண்ணிக்கையை முழு எண்ணாகக் கேட்காதீர்கள். 'எழுபது', 'எண்பது' இரண்டும் போனில் ஒன்றாகவே விழும். 'ஏழு, பூஜ்யம்' என்று இலக்கமாகச் சொல்லவைத்து, பேசி முடித்த கையோடு எழுத்தில் அனுப்பி உறுதிசெய்யுங்கள். அடுத்தடுத்து மீட்டிங் வைக்காமல் நடுவே 10 நிமிடம் காதுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருங்கள். அந்த இடைவெளியில் பாட்டும் வேண்டாம். இவ்வளவு செய்தும் களைப்பு போகவில்லை என்றால் இரத்தசோகை, தைராய்டு, தூக்கம் மூன்றையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். எல்லாக் களைப்பும் காதிலிருந்து வருவதில்லை.

எங்க அமுச்சிக்கு 72 வயசு. மெல்லப் பேசினா 'என்ன சாமி?'ங்கறாங்க. சத்தமாப் பேசினா 'ஏங் கத்தறே'ன்னு கோவிச்சுக்கறாங்க. மிசின் வாங்கிக் குடுத்தோம், பீரோவுல கெடக்குது. காது கேக்காட்டி மூளையும் மங்கிப்போகும்கறது நெசங்களா?
— கோபிசெட்டிபாளையம் வாசகர்

உங்கள் அமுச்சி சொல்வது இரண்டுமே உண்மை. மெல்லிய ஒலியை ஊதிப் பெருக்குவதும், பெரிய ஒலியைப் பெருக்காமல் விடுவதும் வெளிமயிர்ச் செல்களின் வேலை. காதுக்கு ஏறக்குறைய 12,000 இருக்கும். அவை குறைந்தால் சிறிய சத்தம் கேட்காது. ஆனால் பெரிய சத்தம் முன்போலவே பெரிதாக இருக்கும். நடுவில் உள்ள வெளி சுருங்கிவிடுகிறது. நீங்கள் கத்தும்போது உயிரெழுத்துதான் பெருக்கிறது, மெய் பெருப்பதில்லை. வலி கூடும், தெளிவு கூடாது.

மிக்சி, டிவி, ஃபேன் எது ஓடினாலும் முதலில் நிறுத்துங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு வாருங்கள். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். சமையலறையிலிருந்து பேசினால் எந்த மிசினும் உதவாது. 'அமுச்சி' என்று கூப்பிட்டு, அவர் திரும்பியபின் சேதியைச் சொல்லுங்கள். வேகத்தைக் குறையுங்கள். கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். ஒருமுறை புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திருப்பாமல் மாற்றிச் சொல்லுங்கள்: 'நாளைக்கு சந்தைக்குப் போலாமா?' புரியவில்லையா, 'காய் வாங்கோணும், நாளைக்கு வர்றீங்களா?'. விட்டதை ஊகிக்க மூளைக்கு இன்னொரு பிடி கிடைக்கும்.

மிசின் பீரோவுக்குப் போவதற்கு இரண்டு காரணங்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒன்று, ஆடியோகிராமுக்கு ஏற்ப ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாக அளவு வைக்காமல் பொதுவாகப் பெருக்கிவிடும் கருவி. காதுத்துளைக்குள் மெல்லிய குழாய் வைத்து அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி வருகிறது என்று அளந்து பொருத்தும் இடத்துக்குப் போங்கள். மற்றொன்று, முதல் நாளே கோயில் நொம்பிக்குப் போட்டுக்கொண்டு போவது. பல வருடம் மேல்சுருதியே வராமல் பழகிய மூளைக்குப் பாத்திரச் சத்தமும் பேப்பர் கசங்குவதும் இடிபோலக் கேட்கும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவராக, நாளுக்கு 2 மணி நேரம். பிறகு மெல்லக் கூட்டி நாள் முழுக்க. பழக்கம் வரச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் இரண்டு மூன்று முறையாவது அளவைத் திருத்தவேண்டியிருக்கும். இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் போடவேண்டும். பொத்தான் பேட்டரி வகை என்றால் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்தபின் போடுங்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டால், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பேட்டரி தீரும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

மறதி நோய் பற்றி. தொடர்பு இருப்பது உண்மை; பயமுறுத்தும் அளவுக்குச் சொல்வது சரியில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தந்த 2024 அறிக்கை, மறதி நோயில் சுமார் 7 சதவீதத்தைக் காது மந்தம் என்ற தவிர்க்கக்கூடிய காரணத்தின் கணக்கில் வைக்கிறது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரைப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் 3 ஆண்டில் மிசின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இதய நோய் போன்ற ஆபத்துகள் கூடுதலாக இருந்த பிரிவினரில் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. மிசின் மறதியைத் தடுத்தே தீரும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வீட்டுப் பேச்சில் அமுச்சி கலந்துகொள்வார் என்பதற்காக வாங்குங்கள். அதுவே போதுமான காரணம்.

மகன் இரண்டாம் வகுப்பு. அடிக்கடி சளி. டீச்சர் 'சொன்னதைக் கேட்பதில்லை' என்கிறார். வீட்டில் நன்றாகத்தான் கேட்கிறான்.
— ஈரோடு தாய்

வீட்டில் நீங்கள் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள். வகுப்பில் டீச்சர் ஐந்து மீட்டருக்கு அப்பால், நடுவே நாற்பது வாய். சளி பிடித்தபின் செவிப்பறைக்கு உள்ளே நீர் தங்குவது இந்த வயதில் சாதாரணம். வலியும் காய்ச்சலும் இல்லாததால் தெரியாது. 20 முதல் 30 டெசிபல்வரை குறைக்கும், அதுவும் ஒரு வாரம் இருக்கும், மறுவாரம் இருக்காது. பெரியவர்கள் விட்டுப்போன எழுத்தைத் தெரிந்த சொற்களை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். ஏழு வயதுப் பையனிடம் அந்தச் சொற்களே இன்னும் சேரவில்லை; அதனால் ஒரே அளவு குறை அவனை அதிகம் பாதிக்கும்.

செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி என்ற சோதனை ஒரு நிமிட வேலை, வலிக்காது. கோடு தட்டையாக வந்தால் நீர் இருக்கக்கூடும். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானே வற்றிவிடும் என்பதால் உடனே அறுவைக்கு ஓடவேண்டாம். 3 மாதம் கழித்தும் இரு காதிலும் இருந்து, கேட்கும் அளவும் குறைந்திருந்தால்தான் சிறு குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். அரசுப் பள்ளி மாணவன் என்றால் பள்ளி மருத்துவக் குழு மூலம் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அதுவரை இரண்டாவது பெஞ்சில், சாலைப் பக்க ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு டீச்சர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் உயர்ந்திருக்கவேண்டும்.

சொல்வதெழுதுதல் நோட்டைப் பாருங்கள். ந-ன பிழை எழுத்துப் பழக்கம். ல-ள-ழ பிழையும் நம் பேச்சுவழக்கால் வரலாம். 'மாடு' என்றதை 'நாடு' என்றும், 'பத்து' என்றதை 'பட்டு' என்றும் எழுதியிருந்தால் காதைப் பார்க்கவேண்டும்.

காலையில எந்திரிச்சப்போ இடது காது திடீர்னு அடைச்சுக்கிச்சு. சளியா இருக்கும்னு விட்டிருக்கேன். எண்ணெய் ஊத்தலாமுங்களா?
— பொள்ளாச்சி வாசகர்

ஊற்றாதீர்கள். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளி அடைப்போ. நல்ல காதுப் பக்கம் மட்டும் கேட்டால் நரம்புக் குறையாக இருக்கலாம். திடீரென்று வரும் நரம்புக் குறைக்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாளுக்குள் தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறையும். முனகல் சோதனை எப்படி வந்தாலும் சரி, இதைப் படித்த இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், 'திடீரென்று ஒரு காது மட்டும்' என்ற வார்த்தையைச் சொல்லி, ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள்.